வெட்டியும் ஒட்டியும் லியர்

ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' பற்றி நம்மிடையே பேச்சு வரும்போதெல்லாம் இரண்டே இரண்டு பாட்டுத்தான் கேட்கிறது. ஒன்று வகுப்பறைப் பாட்டு. நன்றி கெட்ட இரண்டு பெண்கள், நல்லவளான மூன்றாமவள், முகஸ்துதிக்கு மயங்கி ராஜ்யத்தைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுப் புயலில் அலைந்து, துன்பத்தில் புடம் போடப்பட்டு ஞானம் பெறுகிற கிழவன். இதைப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களிடம் விட்டுவிடலாம். இன்னொரு பாட்டு நம்மவர்களுடையது. லியர் பெக்கெட்டுக்கு முந்திய பெக்கெட், வானம் காலி, பிரபஞ்சம் அர்த்தமற்றது, அதை 1606லேயே ஒருவன் கண்டு சொல்லிவிட்டான். இதைச் சொல்லிவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டால் விவாதம் முடிந்துவிடுகிறது. எனக்குச் சண்டை இந்த இரண்டாவது கட்சியோடுதான். முதல் கட்சிக்காரர்கள் இந்த மாதிரிப் பத்திரிகைகளைப் படிப்பதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த இரண்டு கட்சியும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. நாடகத்தில் இருப்பதைத் தாங்க முடியாமல் ஒரு கட்சி எதையோ கொண்டுவந்து ஒட்டுகிறது. இன்னொரு கட்சி இருப்பதில் ஒரு பகுதியை வெட்டுகிறது. ஒட்டியவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். வெட்டியவர்களைத் தரிசனம் கண்டவர்கள் என்று கொண்டாடுகிறோம்.

ஒட்டியவர்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லியர் கதை ஷேக்ஸ்பியர் கற்பித்தது அல்ல. மான்மத் ஊர் ஜெஃப்ரியின் லத்தீன் சரித்திரத்திலும், ஹாலின்ஷெட்டின் வரலாற்றிலும், 1605ல் அச்சான பெயர் தெரியாத ஒருவரின் பழைய நாடகத்திலும் கிழட்டு ராஜாவுக்கு ராஜ்யம் திரும்பக் கிடைத்துவிடுகிறது. (சரித்திரக்காரர்களின் கார்டீலியா பின்னால் சிறையில் தற்கொலை செய்துகொள்கிறாள், ஆனால் அது அப்பன் செத்த பிறகு, வேறு கதை.) ஆக, 1606 டிசம்பர் 26 அன்று வொய்ட்ஹால் அரண்மனையில் ஜேம்ஸ் மன்னர் முன்னால் இந்த நாடகம் நடந்தபோது, கதை தெரிந்தவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடியது கிழவன் மறுபடி சிம்மாசனம் ஏறுவதை. அவர்கள் பார்த்தது தூக்கிலிடப்பட்ட மகளைக் கையில் ஏந்திக்கொண்டு அவன் வருவதை. இது ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றே செய்தது. இதற்கு முன் யாரும் செய்யாதது.

பின்னால் வந்தவர்கள் இதை மன்னிக்கவில்லை. 1681ல் நாஹம் டேட் என்பவர் நாடகத்தைத் 'திருத்தி' எழுதினார். கோமாளியைத் தூக்கி எறிந்தார். கார்டீலியாவுக்கும் எட்கருக்கும் காதல் கற்பித்துக் கல்யாணத்துக்கு வழி செய்தார். லியருக்கு ராஜ்யத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆங்கில மேடையில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இதுதான் லியர். சாமுவேல் ஜான்ஸன் மாதிரியான ஒரு மனிதர், கார்டீலியாவின் சாவு தன்னை அப்படி உலுக்கிவிட்டதால், பதிப்பாசிரியராக உட்கார வேண்டி வரும்வரை கடைசிக் காட்சிகளை மறுபடி படிக்கத் துணிந்தேனா என்பதே தெரியவில்லை என்று 1765ல் எழுதினார். டேட்டின் பக்கம்தான் பொதுஜனம் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்றும் எழுதினார். 1823ல் எட்மண்ட் கீன் சோக முடிவைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தார், நிலைக்கவில்லை. 1838ல் மெக்ரீடிதான் கோமாளியையும் சேர்த்து மூல நாடகத்தை மேடைக்கு மீட்டார், அதுவும் கத்தரித்துத்தான். 157 வருஷம்.

டேட்டைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் ஏ. ஸி. பிராட்லி 1904ல் செய்தது என்ன? டேட் மேடையில் செய்ததை அவர் மனசுக்குள் செய்தார், அவ்வளவுதான். இந்த நாடகத்துக்கு லியரின் மீட்சி என்று பெயர் வைத்தாலும் பொருந்தும் என்றார். கடைசி நொடியில் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று நம்பி, தாங்க முடியாத ஆனந்தத்தில் கிழவன் சாகிறான் என்றார். இதற்கு ஆதாரம் என்ன? மகளின் உதட்டைப் பார்க்கச் சொல்லி லியர் பேசுகிற கடைசி வார்த்தைகள். அந்த வார்த்தைகள் 1623ன் ஃபோலியோவில் இருக்கின்றன. 1608ன் குவார்ட்டோவில் இல்லை. அங்கே அந்த இடத்தில் இருப்பது நாலு முனகல். ஒரு பதிப்பில் இருந்து இன்னொரு பதிப்பில் இல்லாத ஒன்றரை வரியின் தலையில் ஒரு பாவமீட்சித் தத்துவத்தை ஏற்றி வைத்தார் பிராட்லி. கிழவன் எதையோ பார்த்தான், அல்லது பார்த்ததாக நினைத்தான். அது ஆனந்தம்தான் என்று சொல்ல வேண்டிய தேவை பிராட்லிக்குத்தான் இருந்தது. நமக்கு வகுப்பில் சொல்லப்பட்டது பிராட்லியின் மூன்றாந்தரப் பிரதி. எனக்குப் பாடம் சொன்னவர் துன்பம் மனிதனைத் தூய்மைப்படுத்துகிறது என்று எழுதிப் போட்டு அடிக்கோடு இழுத்தார். கண் பிடுங்கப்பட்ட க்ளாஸ்டர் எந்த வகையில் தூய்மையானான் என்று யாரும் கேட்கவில்லை.

டால்ஸ்டாய் இவர்களைவிட எவ்வளவோ மேல். அவர் வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. இந்த நாடகம் எனக்குப் பிடிக்கவில்லை, பழைய நாடகமே இதைவிட உத்தமம் என்று 1906ல் வெளியான கட்டுரையில் பட்டவர்த்தனமாகத் திட்டித் தீர்த்தார். 1947ல் ஆர்வெல் அதற்குப் பதில் எழுதி, டால்ஸ்டாயே ஒரு லியர்தான், சொத்தைத் துறந்து, முதுமையில் வீட்டைவிட்டு வெளியேறி, ஒரு மகளின் துணையோடு அந்நிய இடத்தில் செத்தவர், அதனால்தான் இந்த நாடகம் அவரை உறுத்தியது என்றார். சாமர்த்தியமான கட்டுரை. ஆனால் எதிராளியின் வாதத்துக்குப் பதிலாக எதிராளியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நம்மவர்கள் எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று சில சமயம் எனக்குச் சந்தேகம் வருவதுண்டு.

இனி நம் கட்சிக்கு வருகிறேன். யான் காட் எழுதிய கட்டுரைக்கு அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. லியரையும் பெக்கெட்டின் 'எண்ட்கேம்' நாடகத்தையும் அருகருகே வைத்துப் படித்த கட்டுரை. குருட்டுக் க்ளாஸ்டர் டோவர் செங்குத்துப் பாறையிலிருந்து குதிப்பதாக நினைத்துக்கொண்டு வெறும் தரையில் விழுகிற காட்சியை அவர் விளக்கிய விதம் அசாத்தியமானது. அந்தக் காட்சியை அதற்கப்புறம் பழையபடி யாராலும் படிக்க முடியாது. காட் போலந்துக்காரர். நாஜி ஆக்கிரமிப்பைப் பார்த்தவர், அப்புறம் ஸ்டாலினிசத்தைப் பார்த்தவர், கட்சிக்குள் இருந்து 1957ல் வெளியேறியவர். அவர் காலி வானத்தைப் பற்றிப் பேசினால் அதற்கு அவர் கொடுத்த விலை இருக்கிறது. நம்மவர்கள் அந்த வார்த்தையை இனாமாக வாங்கிக்கொண்டார்கள்.

காட்டின் பார்வையோடு சேர்த்தே பேசப்படுவது 1962ல் பீட்டர் புரூக் ஸ்ட்ராட்ஃபோர்டில் இயக்கிய லியர், பால் ஸ்கோஃபீல்ட் நடித்தது. மகத்தான தயாரிப்பு என்று பார்த்தவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். முக்கியமாக, மூத்தவள் கானரில் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்று புரூக் காட்டினார். நூறு வீரர்களோடு ஒரு கிழவன் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு மேஜையைக் கவிழ்த்தால் எந்தப் பெண்தான் பொறுப்பாள்? இதுவரை சரி. ஆனால் புரூக் இரண்டு இடங்களில் கத்தியை வைத்தார். ஒன்று, க்ளாஸ்டரின் கண்கள் பிடுங்கப்பட்ட பிறகு இரண்டு வேலைக்காரர்கள் வருகிறார்கள். ஒருவன் அந்த ரத்த முகத்துக்கு வைக்க நார்ப்பஞ்சும் முட்டை வெள்ளைக்கருவும் எடுத்துவரப் போகிறான். இதை வெட்டினார். பதிலுக்கு, கண்ணிழந்த கிழவன் தலையில் கந்தையோடு தட்டுத்தடுமாற, மேடையைக் காலி செய்கிற வேலைக்காரர்கள் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு போக, அரங்கத்தில் இடைவேளை விளக்குகள் எரிந்தன. இன்னொன்று, எட்மண்ட் சாகும் நேரத்தில், தன் சுபாவத்துக்கு விரோதமாக ஒரு நல்லது செய்ய நினைத்து, கார்டீலியாவைக் கொல்லச் சொன்ன உத்தரவைத் தடுக்க ஆள் அனுப்பச் சொல்கிறான். இதையும் வெட்டினார்.

புரூக்கின் ஆதரவாளர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். வேலைக்காரர்களின் பேச்சு ஃபோலியோவிலேயே இல்லையே என்பார்கள். உண்மை. குவார்ட்டோவில் உள்ள சுமார் முந்நூறு வரிகள் ஃபோலியோவில் இல்லை. ஃபோலியோவில் உள்ள நூறு வரிபோல் குவார்ட்டோவில் இல்லை. இவை இரண்டும் வெவ்வேறு நாடகங்கள் என்றே வாதிட்டு, 1986ல் ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பில் இரண்டையும் தனித்தனியே அச்சிட்டார்கள். ஆனால் எட்மண்டின் மனமாற்றம் இரண்டிலும் இருக்கிறது. நான் இப்போது சொல்லப் போகிற ஆளும் இரண்டிலும் இருக்கிறான்.

அவனுக்குப் பெயர் கிடையாது. கார்ன்வால் பிரபுவின் வேலையாள். சிறு வயதிலிருந்து அவனிடம் ஊழியம் செய்தவன். க்ளாஸ்டரை நாற்காலியில் கட்டி வைத்து ஒரு கண்ணைப் பிடுங்கியாகிவிட்டது. ரீகன் இன்னொன்றையும் கேட்கிறாள். அப்போது இவன் எஜமானைப் பார்த்துக் கையை நிறுத்தச் சொல்கிறான்; இப்படித் தடுப்பதுதான் நான் உனக்குச் செய்த ஊழியத்திலெல்லாம் பெரிய ஊழியம் என்கிற அர்த்தத்தில் பேசுகிறான். ஒரு வேலைக்காரன் பிரபுவுக்கு எதிராக வாளை உருவுகிறான். எலிஸபெத் காலத்து மேடையில் இது சாதாரணம் அல்ல. கார்ன்வாலுக்குக் காயம். ரீகன் ஒரு வாளைப் பிடுங்கிப் பின்னாலிருந்து குத்துகிறாள். இந்த இடத்தில் நிதானித்துப் படிக்க வேண்டும். செத்துக்கொண்டே அவன் க்ளாஸ்டரிடம், உமக்கு இன்னும் ஒரு கண் இருக்கிறது, இவனுக்கு நேர்ந்ததைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிறான். உடனே கார்ன்வால், அந்தக் கண் பார்த்துவிடக் கூடாதே என்று அதையும் பிடுங்குகிறான்.

நல்லவனின் கடைசி வார்த்தை, அவன் யாருக்காகச் செத்தானோ அவனுடைய இரண்டாவது கண்ணுக்கு வினையாகிவிட்டது. ஆறுதல் சொல்வதற்காகச் சொன்ன வார்த்தை. அபத்தம் அபத்தம் என்று வாய் ஓயாமல் சொல்கிறவர்கள் இந்த இடத்தை ஒரு தரமாவது எடுத்துப் பேசியதுண்டா? பேச மாட்டார்கள். ஏனென்றால் இது அவர்கள் சூத்திரத்துக்குள் அடங்காது. அவன் செய்தது வீண் என்று சொல்ல முடியாது: அவன் வாள் பட்ட காயத்தில் கார்ன்வால் செத்துப் போகிறான், நாடகத்தின் போக்கே திரும்புகிறது, விதவையான ரீகனுக்கும் கானரிலுக்கும் எட்மண்டை முன்னிட்டுப் போட்டி முற்றி இருவரும் அழிகிறார்கள். பலித்தது என்றும் சொல்ல முடியாது: அவன் காப்பாற்ற நினைத்த கண் போய்விட்டது. பிணத்தைக் குப்பைமேட்டில் எறியச் சொல்கிறான் கார்ன்வால்.

இந்தச் செய்தி ஆல்பனி பிரபுவிடம் வந்து சேர்கிற காட்சியையும் பாருங்கள். கார்ன்வால் செத்தான் என்றதும் அவன், மேலே நீதி வழங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இது அத்தாட்சி என்கிறான். அடுத்த மூச்சிலேயே, ஐயோ, க்ளாஸ்டருக்கு இன்னொரு கண்ணும் போயிற்றா என்று கேட்கிறான். போயிற்று என்கிறான் தூதன். பிராட்லி கட்சி முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளும். காட் கட்சி தூதனின் பதிலை எடுத்துக்கொள்ளும். ஷேக்ஸ்பியர் இரண்டையும் ஒரே மூச்சில் வைத்திருக்கிறான். இரண்டையும் ஒருசேரக் கையில் வைத்திருக்க முடியாதவன் லியரைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

கார்டீலியாவின் சாவையும் இதே மாதிரிதான் பார்க்கிறேன். தெய்வங்கள் அவளைக் காப்பாற்றட்டும் என்று ஆல்பனி சொல்லி வாயை மூடுவதற்குள் லியர் அவள் உடலோடு வருகிறான். இதோ பார், வானம் காலி என்கிறார்கள் நண்பர்கள். வானம் இருக்கட்டும். அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் மேடையில் என்ன நடந்தது? எட்மண்டும் எட்கரும் வாள் சண்டை போடுகிறார்கள். தோற்றவன் பாவத்தை ஒப்புக்கொள்கிறான். எட்கர் தன் அப்பன் செத்த கதையை விஸ்தாரமாகச் சொல்கிறான். இரண்டு அக்காக்களின் பிணங்கள் கொண்டுவந்து போடப்படுகின்றன. கென்ட் வந்து ராஜா எங்கே என்று கேட்ட பிறகுதான் ஆல்பனிக்கு ஞாபகம் வருகிறது, இவ்வளவு பெரிய விஷயத்தை மறந்துவிட்டோமே என்று. மறந்துவிட்டார்கள். அவள் செத்தது பிரபஞ்சத்தின் கொடூரத்தால் என்று சொல்வதற்கு முன் இந்த மறதிக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். அப்புறம் எட்மண்ட் சொல்கிறான், ஆள் ஓடுகிறான், நேரம் கடந்துவிட்டது. எட்மண்டின் அந்தப் பேச்சை வெட்டிவிட்டால் தாமதம் என்பதே இல்லாமல் போகிறது. சாவு ஒரு விதியாகி விடுகிறது. விதியை வைத்துக்கொண்டு தத்துவம் பேசலாம். தாமதத்தை வைத்துக்கொண்டு வெட்கப்பட மட்டும்தான் முடியும்.

அவளைத் தூக்கில் போட்டவன் யார்? அவனும் பெயரில்லாதவன், எட்மண்டின் கீழ் வேலை செய்கிற ஒரு காப்டன். உத்தரவுச் சீட்டைக் கொடுத்து, செய்தால் உனக்கு உயர்வு உண்டு என்கிறார்கள். செய்கிறேன் என்கிறான். குவார்ட்டோவில் கூடுதலாக, மனுஷன் செய்யக்கூடிய வேலையென்றால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்கிற மாதிரியும் ஒரு பேச்சு. இந்த நாடகத்தில் இரண்டு சேவகர்கள் எதிரும் புதிருமாக நிற்கிறார்கள்: உத்தரவை மறுத்துச் செத்தவன், உத்தரவை ஏற்றுச் செய்தவன். அர்த்தமற்ற பிரபஞ்சத்தில் இந்த இருவருக்கும் வித்தியாசம் இல்லை என்றுதான் ஆகும். காட்டின் போலந்தில் ஐந்தாறு வருஷம் மனிதர்களுக்கு நடுவே வேறு எந்த வித்தியாசத்துக்கும் மதிப்பு இருந்திருக்காது. அதனால்தான் அந்தக் கட்டுரை எனக்கு வியப்பையும் வருத்தத்தையும் ஒன்றாகத் தருகிறது. அவ்வளவு பார்த்தவர் இந்த வேலைக்காரன்மேல் தன் கட்டுரையின் பாரத்தை வைக்கவில்லை.

கணக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த நாடகம் முழுக்க ஆட்கள் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். எவ்வளவு பிரியம் என்று அளந்து சொன்னால் அவ்வளவு நிலம். கார்டீலியாகூடக் கணக்குத்தான் பேசுகிறாள்: கல்யாணம் ஆனால் அன்பில் பாதி புருஷனுக்குப் போய்விடும் என்கிறாள். அப்பாவின் அளவுகோலை மறுக்கிறவள் அதே அளவுகோலால்தான் மறுக்கிறாள். (அவளைச் சீதை அளவுக்கு உயர்த்துகிறவர்கள் இந்தப் பேச்சை மறுபடி படிக்கலாம்.) பிறகு வீரர்களின் எண்ணிக்கை: நூறு, ஐம்பது, இருபத்தைந்து, பத்து, ஐந்து, ஒருவன்கூட எதற்கு? நடுவில் கிழவன், ஐம்பது இருபத்தைந்தைப் போல் இரண்டு மடங்கு, ஆகவே உன் அன்பும் இரண்டு மடங்கு என்று கானரிலிடம் பேரம் பேசுகிறான். கேவலமான, நிஜமான கணக்கு. இந்தக் கணக்கு எங்கே நிற்கிறது? பைத்தியம் தெளிந்து எழுந்த கிழவன், உன் அக்காக்களுக்குக் காரணம் இல்லை, உனக்கு என்னை வெறுக்கக் காரணம் இருக்கிறது என்று கார்டீலியாவிடம் சொல்கிறபோது, அவள் அப்படி ஒரு காரணமும் இல்லை என்று மறுக்கிற இடத்தில். அது பொய். காரணம் இருக்கிறது, நாடகம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். முதல் காட்சியில் ஒரு பொய் சொல்ல மறுத்து ராஜ்யத்தை இழந்தவள் இங்கே தயங்காமல் பொய் சொல்கிறாள். நான் படித்தவற்றில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. இதற்கு அடுத்த அங்கத்தில் அவளைத் தூக்கில் போடுகிறார்கள். இந்தப் பொய்யை அந்தச் சாவு ரத்து செய்வதில்லை. இந்தப் பொய் அந்தச் சாவுக்கு ஈடுகட்டுவதுமில்லை.

பெக்கெட்டை இதில் இழுத்துவிட்டதற்கு நம்மவர்கள் பெக்கெட்டிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும். 'எண்ட்கேம்' முடிகிறபோது க்ளோவ் பிரயாணத்துக்கு உடுத்திக்கொண்டு, போகாமல், கண் தெரியாத எஜமானைப் பார்த்தபடி நிற்கிறான். அங்கேயும் ஒரு வேலைக்காரன்.

1971ல் இரண்டு லியர் படங்கள் வந்தன. ஒன்று புரூக்கினுடையது, டென்மார்க்கின் பனிவெளியில் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. கடைசியில் ஸ்கோஃபீல்டின் தலை மெல்லச் சரிந்து சட்டகத்தைவிட்டே மறைந்து வெற்று வெள்ளை மட்டும் மிஞ்சுகிறது. அழகுதான். இன்னொன்று ரஷ்யாவில் கோஸின்ட்ஸெவ் எடுத்தது. பாஸ்டர்நாக்கின் மொழிபெயர்ப்பு, ஷோஸ்டகோவிச்சின் இசை. அதில் லியரைச் சுற்றி எப்போதும் ஜனங்கள் – பிச்சைக்காரர்கள், ஊர் எரிந்து ஓடுகிறவர்கள். புயலில் ஒதுங்கிய குடிசையில் கிழவன் இவர்களைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டேனே என்று நினைப்பது அங்கே வெறும் வசனமாக இல்லை. அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். கோமாளியின் குழல் கடைசிவரை கேட்கிறது. நம் கூட்டத்தில் புரூக் படத்தைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. கோஸின்ட்ஸெவ் பற்றிக் கேட்டால், கொஞ்சம் 'மனிதாபிமானம்' ஜாஸ்தி என்கிறார்கள், ஏதோ உப்பு ஜாஸ்தி என்பதுபோல.

அர்த்தமின்மை நம் கூட்டத்தில் ஒரு சௌகரியமாகிவிட்டது. எதற்கும் அர்த்தமில்லை என்றால் யாரும் வாளை உருவ வேண்டியதில்லை, யாரும் முட்டை வெள்ளைக்கரு தேடி ஓட வேண்டியதில்லை. பிரக்ஞை என்று ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம். பண்டிதர்கள் லியரை நீதிக் கதையாக்கியதில் என்ன பித்தலாட்டம் இருந்ததோ, அதே பித்தலாட்டம் இதிலும் இருக்கிறது. இதற்கு மட்டும் ஐரோப்பிய முத்திரை. பிரதியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவதுதான் விமர்சனம் என்று நாம்தானே பண்டிதர்களைப் பார்த்து இத்தனை வருஷமாகக் கத்தினோம்?

காட்டின் கட்டுரையை மொழிபெயர்த்து ஒரு சிறப்பிதழில் போட வேண்டும் என்று நண்பர்கள் இருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். போடட்டும். தமிழில் அது வர வேண்டிய கட்டுரைதான். கூடவே மூன்றாம் அங்கத்தின் ஏழாம் காட்சியையும் மொழிபெயர்த்துப் போடட்டும், குவார்ட்டோவில் உள்ளபடி, அந்த மூன்று வேலைக்காரர்களோடு, ஒரு வரியும் குறைக்காமல். ஏழெட்டுப் பக்கத்துக்குமேல் போகாது. அந்தப் பக்கங்களுக்கான காகிதச் செலவை நான் தருகிறேன்.